டிராவல் டிரெய்லருக்குப் புது பேட்டரி: வாங்கும் முன் ஓர் இரவுக் கணக்கு

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு) வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேட்டரிப் பேச்சு வராமல் இருக்காது. "பழசு போயிடுச்சு, எது வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். "கண்ணை மூடிக்கிட்டு லித்தியம் போடுங்க" என்பார் ஒருவர். "கடையில கிடைக்கிற மரைன் பேட்டரியே போதும், எதுக்குக் காசைக் கரைக்கணும்?" என்பார் அடுத்தவர். "எதுவானாலும் நூறு ஆம்ப்-ஹவருக்குக் குறையாம பாருங்க" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூன்று யோசனையும் ஏதோ ஒரு டிரெய்லருக்குச் சரி, இன்னொன்றுக்குத் தண்டச் செலவு. கேட்டவர் எங்கே போய்த் தங்குகிறார், ராத்திரி எதையெல்லாம் ஓட்டுகிறார், காலியான பேட்டரியை எப்படி நிரப்புகிறார் என்று யாரும் கேட்கவில்லையே!

மின்சாரம் பற்றிப் பெரிதாகத் தெரியாதவர்களுக்காக, அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

டிரெய்லருக்குள் இரண்டு மின்சாரம்

டிரெய்லரில் 120 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு தனித்தனி மின்பாதைகள் உண்டு. கேம்ப்கிரவுண்டில் (டிரெய்லரை நிறுத்தித் தங்கும் இடம்) உள்ள கம்பத்தில் தடித்த கேபிளைச் செருகினால் வருவது 120 வோல்ட். இந்த இணைப்பைத்தான் ஹூக்கப் என்கிறார்கள். ஏசி, மைக்ரோவேவ், சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் இதில் ஓடுபவை. விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, டிரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்கும் மின் ஜாக் ஆகியவை 12 வோல்ட். பேட்டரி இந்த இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும்தான்.

ஹூக்கப் இருக்கும்போது 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தருகிற பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதுதான். இன்வெர்ட்டர் இதற்கு நேர் எதிர்: பேட்டரியின் 12 வோல்ட்டை எடுத்து 120 வோல்ட் ஆக்கும். நம் ஊர் வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டி இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்துவிடும். டிரெய்லரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பேட்டரி முழுதாக இருந்தும் பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. சாதாரண டிரெய்லர்கள் பலவற்றில் கன்வெர்ட்டர் மட்டும்தான் இருக்கும்.

பேட்டரிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஓடும்போது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு சின்னக் கம்பி இழுபட்டு ஒரு சுவிட்சைத் தட்டிவிடும். உடனே டிரெய்லரின் மின் பிரேக்குகள் தாமாகவே பிடிக்கும். அந்தப் பிரேக்குக்கு மின்சாரம் தருவது இந்தப் பேட்டரிதான். எப்போதும் ஹூக்கப்பில்தானே தங்குகிறோம், பேட்டரி எதற்கு என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாலையில் இறங்கக் கூடாது.

அப்பளமும் அடையும்

கார் பேட்டரியை ஏன் போடக் கூடாது? அதுவும் 12 வோல்ட்தானே? இதற்குப் பதில் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளில் இருக்கிறது.

அப்பளம் மெல்லிசு. எண்ணெயில் போட்ட நொடியில் முழுசும் பொரிந்துவிடும், ஆனால் சற்று அழுத்தினால் நொறுங்கும். அடை தடிமன். உள்ளே வேக நேரம் எடுக்கும், ஆனால் தாங்கும். கார் பேட்டரிக்குள் இருப்பவை அப்பளம் மாதிரியான மெல்லிய தகடுகள், எண்ணிக்கையில் நிறைய. அமிலம் படும் பரப்பு அதிகம் என்பதால், எஞ்சினைக் கிளப்பத் தேவையான சில நூறு ஆம்ப்களைச் சில நொடிகளுக்குக் கொடுத்துவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிவிடும். அந்தத் தகடுகளை இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாக்கினால் அவற்றிலுள்ள பொருள் உதிர்ந்துவிடும். சில தடவை அப்படிச் செய்தாலே பேட்டரி கதை முடிந்துவிடும்.

தடித்த தகடுகள் கொண்டது டீப் சைக்கிள் பேட்டரி. மெதுவாக, நீண்ட நேரம், ஆழமாகக் காலியாகி மறுபடி நிரம்புவதற்கென்றே செய்யப்பட்டது. டிரெய்லருக்கு வேண்டியது இதுதான்.

கடையில் "மரைன்/ஆர்வி டீப் சைக்கிள்" (மரைன் என்றால் படகுக்கு, ஆர்வி என்றால் டிரெய்லர் போன்ற தங்கும் வண்டிகளுக்கு) என்று ஒட்டியிருப்பவற்றில் பல, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம். படகின் எஞ்சினையும் கிளப்பவேண்டும், விளக்கையும் எரிக்கவேண்டும் என்று செய்தவை. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: லேபிளில் "கிராங்கிங் ஆம்ப்ஸ்" (எஞ்சினைக் கிளப்பும் திறன்) என்ற எண் பெரிதாக இருந்து ஆம்ப்-ஹவர் எண் இல்லாமலோ மூலையிலோ இருந்தால், அது அநேகமாக இந்த நடு ரகம்தான். புது டிரெய்லருடன் டீலர் வைத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். ஹூக்கப் பயணத்துக்கு அது போதும். ஹூக்கப் இல்லாத காட்டில் தங்குகிறவருக்குப் போதாது.

லேபிளில் இருக்கும் எண்கள்

ஆம்ப் என்பது ஒரு கருவி அந்த நேரத்தில் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவு. அதை மணிக்கணக்கோடு பெருக்கினால் ஆம்ப்-ஹவர். 5 ஆம்ப் இழுக்கும் கருவி 20 மணி நேரம் ஓடினால் செலவு 100 ஆம்ப்-ஹவர். பேட்டரியில் "100 ஆம்ப்-ஹவர்" என்று போட்டிருப்பதும் வழக்கமாக இந்த 20 மணி நேரக் கணக்குப்படிதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதே ஈய பேட்டரியிலிருந்து 25 ஆம்ப் வீதம் இழுத்தால் நாலு மணி நேரம் வராது, கணிசமாகக் குறையும். அமிலம் தகட்டின் உட்புறம் வரை போய்ச்சேர நேரம் வேண்டும். அவசரமாக இழுத்தால் மேற்பரப்பு மட்டும் வேலை செய்து அலுத்துவிடும். குளிரும் இதே வேலையைச் செய்யும்: உறைநிலையில் ஈய பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

குரூப் 24, குரூப் 27, குரூப் 31 என்று சொல்வதெல்லாம் பெட்டியின் அளவு. கொள்ளளவு அல்ல. பெட்டி பெரிதானால் உள்ளே இருப்பதும் கூடும் என்பதால் குரூப் 24-இல் சுமார் 75 முதல் 85, குரூப் 31-இல் சுமார் 100 முதல் 110 ஆம்ப்-ஹவர் என்று வரும். ஆனாலும் குரூப் எண்ணைப் பார்ப்பது, டிரெய்லரின் மூக்கில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்கத்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பேட்டரி ஓட்டுவது 12 வோல்ட் சாமான்களை மட்டும், அதற்குத் தடித்த தகடு வேண்டும், கொள்ளளவை ஆம்ப்-ஹவரில் பார்க்கவேண்டும். எத்தனை ஆம்ப்-ஹவர் வேண்டும் என்பதுதான் இனி.

யோசெமிட்டியில் ஓர் அக்டோபர் இரவு

கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் ஹூக்கப் கிடையாது. ஜெனரேட்டரையும் நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. காலை, மதியம், மாலை என்று குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. அக்டோபரில் பள்ளத்தாக்கில் இரவு 4, 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஆக ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடும்.

ஹீட்டருக்கு எரிபொருள் புரொப்பேன் கேஸ்தானே, பேட்டரி எங்கே வந்தது என்று கேட்கலாம். சூட்டை உள்ளே தள்ளுவது 12 வோல்ட் விசிறி. அது ஓடும்போது சுமார் 7 அல்லது 8 ஆம்ப் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடியது என்று வைத்தால், 7.5 ஆம்ப், 5 மணி நேரம்: ஏறத்தாழ 37 ஆம்ப்-ஹவர். எல்இடி விளக்குகள் மாலை நாலு மணி நேரத்துக்கு 6. தண்ணீர் பம்ப் அதிக ஆம்ப் இழுத்தாலும் மொத்தம் கால் மணி நேரம்தான் ஓடும், அதற்கு 2 போதும். அப்புறம், நாம் எதையும் போடாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருப்பவை: கேஸ் எச்சரிக்கைக் கருவி, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, ரேடியோவின் கடிகாரம். எல்லாம் சேர்ந்து அரை ஆம்புக்குக் கொஞ்சம் மேல் என்றாலும், 24 மணி நேரத்தில் 15 ஆம்ப்-ஹவர் ஆகிவிடும்.

கூட்டினால் ஒரு நாளைக்கு 60. புதிய டிரெய்லர்களில் வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் இருந்தால் இன்னும் ஒரு 50 சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டீலர் கொடுத்த 80 ஆம்ப்-ஹவர் பேட்டரியைப் பாருங்கள். அதில் பாதியைத்தான் எடுக்கலாம் (காரணம் அடுத்து வருகிறது). 40 கையில், 60 செலவு. குளிரில் அந்த 80-உம் முழுதாகக் கிடைக்காது. விடியற்காலை நாலு மணிக்கு ஹீட்டர் நின்று எல்லோரும் நடுங்கிக்கொண்டு எழுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். பேட்டரியில் பழுதே இருந்திருக்காது.

நம் வீட்டு டிரெய்லருக்கென்று ஒரு கூடுதல் கேள்வி: மிக்ஸி ஓடுமா? 550 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரியிலிருந்து சுமார் 50 ஆம்ப் போகும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு நிமிடம் போதும். செலவு இரண்டு ஆம்ப்-ஹவர்கூட ஆகாது. ஹீட்டர் விசிறி கால் மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் வேறு கதை. 500 வாட்டில் அரை மணி நேரம் என்றால் 25 ஆம்ப்-ஹவர் போய்விடும். குக்கரைக் கேஸ் அடுப்பிலேயே வைத்துவிடுங்கள். மிக்ஸியின் தொல்லை ஆம்ப்-ஹவரில் இல்லை, ஒரே நேரத்தில் 50 ஆம்ப் இழுப்பதில் இருக்கிறது: ஒற்றை ஈய பேட்டரி, அதிலும் பாதி காலியானது, அந்த இழுப்பில் வோல்ட் சரிந்து இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும்.

உங்கள் சாமான்களின் ஆம்ப் அளவு பெரும்பாலும் அவற்றிலேயே ஒட்டியிருக்கும். ஒரு தாளில் இப்படி எழுதிக் கூட்டுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போகவேண்டாம்.

ஏன் பாதி மட்டும்?

ஈய பேட்டரி மின்சாரம் தரும்போது அதன் தகடுகள் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. சார்ஜ் செய்தால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. 1859-இல் காஸ்டோன் பிளான்ட்டே செய்த முதல் ஈய பேட்டரியிலிருந்து இன்று வரை அடிப்படை இதுதான். ஆழமாகக் காலியாக்க ஆக்கத் தகடு உப்பிச் சுருங்கி உதிர்வதும் கூடும். அதனால்தான் பாதிக்குக் கீழே இறக்கவேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் 50 சதவீதம் என்பது அதைத் தாண்டினால் செத்துவிடும் கோடு அல்ல. ஓர் இரவு 40 சதவீதத்துக்கு இறங்கி, மறுநாளே முழுதாக நிரப்பினால் பெரிய சேதமில்லை. உண்மையில் பேட்டரிகளைக் கொல்வது, காலியான பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டுவைப்பது. சல்பேட் கட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. இதற்கு சல்பேஷன் என்று பெயர். பயணம் முடிந்து வீட்டு வாசலில் நிறுத்திய டிரெய்லரில் கேஸ் எச்சரிக்கைக் கருவியும் மற்றதும் அரை ஆம்ப் குடித்துக்கொண்டிருந்தால், ஒரு வாரத்தில் 84 ஆம்ப்-ஹவர் போய்விடும். குரூப் 24 பேட்டரி முழுசும் காலி! பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சைத் திருப்பிவிட்டு வந்திருந்தால் பல பேட்டரிகள் இன்னும் இரண்டு மூன்று வருடம் உழைத்திருக்கும். குளிர்ப் பிரதேசங்களில் இன்னொரு ஆபத்து: முழுதாகச் சார்ஜான பேட்டரி எளிதில் உறையாது, காலியானது சுமார் மைனஸ் 7 டிகிரியிலேயே உறைந்து பிளந்துவிடலாம்.

நாலு வழிகள்

சாதாரண 12 வோல்ட் டீப் சைக்கிள், தண்ணீர் ஊற்றும் ரகம். மலிவு. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும். சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் டிரெய்லருக்கு உள்ளே வைக்கக் கூடாது. எப்போதும் ஹூக்கப்பில் தங்குபவர் இதையே வாங்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இரண்டாவது, கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. தகடுகள் உண்மையிலேயே தடிமன், நாள்முழுக்க அடிவாங்கவே பிறந்தவை. ஒவ்வொன்றும் 210 முதல் 225 ஆம்ப்-ஹவர். இங்கேதான் கணக்கு தவறுகிறது: இரண்டு 220 சேர்ந்தால் 440 என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸ்ஸோடு இணைப்பது சீரீஸ். அதில் வோல்ட் கூடும், ஆம்ப்-ஹவர் அப்படியே நிற்கும். ஆகவே 12 வோல்ட், 220 ஆம்ப்-ஹவர். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் என்று இணைப்பது பேரலல். அதில்தான் ஆம்ப்-ஹவர் கூடும். எந்த வழியானாலும் இரண்டும் ஒரே ரகம், ஒரே வயதாக இருக்கவேண்டும். 220-இல் பாதி 110. யோசெமிட்டிக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு நாள். எடை மட்டும் இரண்டும் சேர்ந்து சுமார் 56 கிலோ, மொத்தமும் டிரெய்லரின் மூக்கில்.

மூன்றாவது ஏஜிஎம். அமிலத்தைக் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறவைத்து மூடிய ஈய பேட்டரி. தண்ணீர் ஊற்றவேண்டாம், சிந்தாது. விலை கூடுதல், பாதிக் கணக்கு இதற்கும் உண்டு. லித்தியம் விலை இறங்கிய பிறகு இதை வாங்க எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை.

நாலாவது, எல்லோரும் பேசும் லித்தியம்.

லித்தியம்: பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?

டிரெய்லரில் போடுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். போன், லேப்டாப்பில் இருக்கும் ரகத்தைவிடச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு 1990-களில் கண்டுபிடித்த வேதியியல் இது. லித்தியம் பேட்டரிகளுக்காக அவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நன்மைகள் உண்மையானவைதான். 100 ஆம்ப்-ஹவர் என்றால் ஏறக்குறைய முழுதையும் எடுக்கலாம். எடை சுமார் 12 கிலோ, அதே அளவு ஈய பேட்டரி 28 கிலோவுக்கு மேல். மிக்ஸியின் 50 ஆம்ப் இழுப்பிலும் வோல்ட் சரியாது. பாதி சார்ஜிலேயே மாதக்கணக்கில் விட்டாலும் சல்பேஷன் கிடையாது. ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலியாக்கலாம்.

"பழையதைக் கழற்றி இதை மாட்டினால் சரி" என்று விளம்பரம் சொல்வதில்தான் பாதி உண்மை. அதைச் சுற்றியிருக்கும் சில விஷயங்களும் மாறவேண்டும்.

முதலில் கன்வெர்ட்டர். லித்தியம் முழுதாக நிரம்ப 14.4 வோல்ட் பக்கம் வேண்டும். பழைய கன்வெர்ட்டர் பலவும் 13.6-இல் நின்றுவிடும். சார்ஜ் ஆகும், ஆனால் மெதுவாக, முழுதாக நிரம்பாமல். கன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை மாற்றும் செலவையும் பேட்டரி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே புகவேண்டிய கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. பேட்டரிக்குள் இருக்கும் காவல் மின்சுற்றுக்கு பிஎம்எஸ் என்று பெயர். நல்ல பேட்டரியில் இது குளிரில் சார்ஜிங்கைத் தானே நிறுத்திவிடும். மலிவு ரகங்கள் சிலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருக்காது. வாங்கும் முன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. லித்தியம் வாயு விடாது என்பதால் டிரெய்லருக்குள் சூடான இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, எவ்வளவு மிச்சம் என்று அறிவது. ஈய பேட்டரியில் வோல்ட் மீட்டரே ஓரளவு சொல்லிவிடும்: ஓய்வில் 12.7 என்றால் முழுசு, 12.1 பக்கம் என்றால் பாதி. லித்தியமோ 13 வோல்ட் சுற்றிலேயே கடைசி வரை நின்றுவிட்டுத் திடீரென்று விழும். பேட்டரி அளவைக் காட்டச் சுவரில் இருக்கும் நாலு விளக்குப் பலகை அதற்கு உதவாது. பேட்டரிக்குள் போகும் வரும் ஆம்ப்களை எண்ணிக்கொண்டே இருக்கும் ஷன்ட் என்ற கருவியைப் போடவேண்டும்.

ஓட்டும்போது வண்டியிலிருந்து வரும் சார்ஜை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வண்டியையும் டிரெய்லரையும் சேர்க்கும் ஏழு முள் மின் இணைப்பில் வரும் கம்பி மெல்லியது. அதன் வழியே வருவது சொற்பம். லித்தியத்தை வண்டியிலிருந்து ஒழுங்காக நிரப்ப டிசி-டிசி சார்ஜர் என்ற தனிப் பெட்டியும் தடித்த கம்பியும் வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் சோலார் நல்ல துணை: நல்ல வெயிலில் 100 வாட் தகடு நாளுக்கு 30 ஆம்ப்-ஹவர் பக்கம் தரும். 60 செலவானால் 200 வாட். யோசெமிட்டியின் உயர்ந்த மரங்களுக்கு அடியில் அதில் பாதியை எதிர்பார்த்தாலே அதிகம்.

ஆக, என் கணக்கு இப்படி: ஹூக்கப் மட்டும் என்றால் மலிவான 12 வோல்ட். வருடத்தில் சில வார இறுதிகளில் காட்டில் இரண்டு இரவு என்றால் இரண்டு 6 வோல்ட், அல்லது கன்வெர்ட்டர் ஏற்கெனவே பொருத்தமாக இருந்தால் 100 ஆம்ப்-ஹவர் லித்தியம். ஒரு வாரம் தங்குகிறோம், சோலாரும் உண்டு என்றால் 200 ஆம்ப்-ஹவர் லித்தியம்.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா?

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஹூக்கப்பில் அல்லது வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டுப் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13-க்கு மேல் ஏறவேண்டும். 12.5-இலேயே அசையாமல் நின்றால் குற்றவாளி கன்வெர்ட்டரோ ஃபியூஸோ பச்சை பூத்த முனையோ. புதுப் பேட்டரியும் இதே கதியாகும். ஏறுகிறதா, ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் செய்து, கழற்றி, ஓர் இரவு சும்மா வைத்துப் பாருங்கள். காலையில் 12.4-க்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றவேண்டியதுதான்.

மாட்டும்போது

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அதற்கும் முன், கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். காரில் கறுப்பு என்றால் மைனஸ். பல டிரெய்லர்களின் 12 வோல்ட் பாதையில் கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். கார் பழக்கத்தில் மாற்றி மாட்டினால் பட்டென்று ஒரு பொறி தெறிக்கும், கன்வெர்ட்டரில் இதற்கென்றே இருக்கும் ஃபியூஸ்கள் போய்விடும். அதற்குப் பிறகு ஹூக்கப்பில் விளக்கெல்லாம் எரியும், பேட்டரி மட்டும் சார்ஜே ஆகாது. புதுப் பேட்டரி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் அந்த ஃபியூஸ்களைப் பாருங்கள்.

பழைய ஈய பேட்டரியைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதின் பில்லில் சேர்க்கும் கோர் சார்ஜ் என்ற வைப்புத்தொகையைப் பழையதைக் கொடுத்தால் கழித்துவிடுவார்கள். லித்தியம் வாங்கினாலும் பழைய ஈயத்தைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடலாம், பெரும்பாலும் சும்மாவே வாங்கிக்கொள்வார்கள்.